அரசாணையும் அருட்பணியும்: கடற்பயணக் காலத்துத் திருச்சபை

திருச்சபை வரலாற்றைக் கற்பிக்கும் நூல்கள் பலவற்றில், பதினைந்தாம் பதினாறாம் நூற்றாண்டுகளின் கடற்பயணங்கள் ஒரு முன்னுரையாக மட்டுமே இடம்பெறுகின்றன. கொலம்பஸ் மேற்கே சென்றார், வாஸ்கோ ட காமா கிழக்கே வந்தார், கடல்வழி திறந்தது, அவ்வழியே நற்செய்தியும் சென்றது என்று இரண்டு பத்திகளில் கூறிவிட்டு, நூலாசிரியர் லூத்தரிடம் விரைகிறார். கப்பல்களை அனுப்பியவர் யார், எந்த நிபந்தனைகளின்பேரில் அனுப்பினார், அதற்குத் திருச்சபை எத்தகைய ஒப்புதலை வழங்கியது என்னும் வினாக்கள் எழுப்பப்படுவதில்லை. இவற்றிற்கு விடை காணாமல், நமது கடற்கரையில் நற்செய்தி வந்து இறங்கிய வரலாற்றையும் நாம் சரிவர விளங்கிக்கொள்ள இயலாது. மேலும், அந்நாளில் அரசர்கள் எழுதிக்கொடுத்த உரிமைப் பத்திரங்களின் விளைவுகள் இருபத்தொன்றாம் நூற்றாண்டின் நீதிமன்றத் தீர்ப்புகளிலும் காணப்படுகின்றன. ஆதலால் இது பழங்கதை ஆராய்ச்சி அன்று.

தமிழில் 'கண்டுபிடித்தல்' என்னும் சொல்லை இப்பயணங்களுக்கு நாம் எளிதாகப் பயன்படுத்துகிறோம். ஏற்கெனவே மக்கள் வாழ்ந்து, உழுது, ஆண்டுவந்த நாட்டைக் கண்டுபிடிப்பது எங்ஙனம் என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆயினும் அச்சொல்லில் காணுதலும் பிடித்தலும் அடுத்தடுத்து நிற்பதை நோக்கினால், நடந்ததை நமது சொல் உண்மையாகவே கூறிவிடுகிறது எனலாம்.

சிலுவைப் பாயும் ஐந்தில் ஒரு பங்கும்

போர்ச்சுகல் அரசர் முதலாம் ஜானின் மகனாகிய இளவரசர் ஹென்றியை வரலாறு 'கடலோடி' என்று அழைக்கிறது. உண்மையில் அவர் மொரோக்கோவிற்கு அப்பால் கப்பலேறியவரல்லர். பணமும் கப்பலும் ஆளும் சேர்த்து, பிறரை அனுப்பியவர் அவர். 1415-இல் வட ஆப்பிரிக்காவின் சியூட்டா நகரைப் போர்ச்சுகல் கைப்பற்றியபோது அவரும் போரில் இருந்தார். 1420-இல் 'கிறிஸ்துவின் சங்கம்' என்னும் போர்த்துறவியர் சங்கத்தின் நிர்வாகப் பொறுப்பு அவருக்கு அளிக்கப்பட்டது. கலைக்கப்பட்ட தெம்பிளார் சங்கத்தின் போர்ச்சுகல் சொத்துக்களைக்கொண்டு 1319-இல் நிறுவப்பட்ட சங்கம் அது. ஆகவே ஆப்பிரிக்கக் கரையை நோக்கிச் சென்ற கப்பல்களுக்குச் சிலுவைப்போரின் செல்வமும் ஓர் ஊற்றாயிற்று. போர்ச்சுகீசியக் கப்பல்களின் பாய்களில் நாம் படங்களில் காணும் செந்நிறச் சிலுவை அச்சங்கத்தின் சின்னமே.

1434-இல் ஜில் இயானெஸ் என்பவர் பொஜதோர் முனையைத் தாண்டினார். 1441-இல் முதற்கைதிகள் கொண்டுவரப்பட்டனர். 1444 ஆகஸ்டில், லாகோஸ் துறைமுகத்தில் 235 ஆப்பிரிக்கர் கரையிறக்கப்பட்டுப் பங்கிடப்பட்டனர். இளவரசர் குதிரைமீதமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தில் ஒரு பங்காக அவருக்குரிய ஆட்கள் 46 பேர். இந்நிகழ்ச்சியை எழுதிவைத்தவர் அரண்மனை வரலாற்றாசிரியரான சுராரா. தாயிடமிருந்து பிள்ளைகளும் கணவரிடமிருந்து மனைவியரும் பிரிக்கப்பட்டதையும், அதைக் காண்பவர் கண்ணீர் விடாதிருக்க முடியாமையையும் அவர் மறைக்காமல் எழுதுகிறார். பின்னர் அதே எழுதுகோலால், இவர்களுடைய ஆன்மாக்கள் இரட்சிக்கப்படும் என்பதே இளவரசருக்கு மகிழ்ச்சியளித்தது என்றும் எழுதுகிறார். அவர் பாசாங்கு செய்ததாக நாம் கருதவில்லை. உள்ளம் சரியாக உணர்ந்ததை, தவறான இறையியல் எவ்வாறு அமைதிப்படுத்திவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

அவ்விறையியலுக்குச் சட்ட வடிவம் விரைவில் வந்தது. 1452-இல் போப்பு ஐந்தாம் நிக்கொலஸ், போர்ச்சுகல் அரசர் ஐந்தாம் அல்ஃபோன்சோவிற்கு ஓர் ஆணைமடலை வழங்கினார். சரசேனியரையும் புறச்சமயத்தாரையும் போரிட்டு வென்று, அவர்தம் நாடுகளையும் உடைமைகளையும் கைக்கொண்டு, அவர்களை நிரந்தர அடிமைத்தனத்திற்குட்படுத்தும் உரிமையை அம்மடல் அரசருக்கு அளித்தது. 1455 ஜனவரியில் வெளியான அடுத்த மடல், ஆப்பிரிக்கக் கரையெங்கும் அதற்கப்பாலும் கடலோடும் உரிமையும் வணிக உரிமையும் போர்ச்சுகலுக்கே உரியவை என்றும், அந்நாடுகளில் கோயில்கள் எழுப்பிக் குருக்களை அனுப்பும் பொறுப்பும் அரசருடையதே என்றும் வரையறுத்தது. 1456-இல் போப்பு மூன்றாம் கலிஸ்துஸ், அந்நிலங்களின் ஆன்மீக அதிகாரத்தைக் கிறிஸ்துவின் சங்கத்திடம் ஒப்படைத்தார். 'பதுரவாதோ' என்னும் அரசப் புரவலர் உரிமை இவ்வாறு உருவாயிற்று. அரசர் பேராயர்களை முன்மொழிவார், குருக்களுக்குப் படியளப்பார், கோயில் கட்டுவார், அதற்கீடாகத் தசமபாகத்தை அவரே திரட்டுவார். மிஷனெரி எவரும் அவருடைய அனுமதியுடன், லிஸ்பனிலிருந்து, அவருடைய கப்பலில்தான் புறப்படவேண்டும்.

போப்புக்கள் இத்துணை அதிகாரத்தை ஏன் விட்டுக்கொடுத்தனர்? பேராசை ஒன்றையே காரணமாகக் கூறுவது நமக்கு எளிது. அது முழு உண்மையாகாது. உரோமையிடம் கடல் கடந்து குருக்களை அனுப்பக் கப்பல்களோ பணமோ இல்லை. பொதுச்சங்க இயக்கத்தால் நலிவுற்றிருந்த போப்பாட்சி, அரசர்களின் நல்லெண்ணத்தை நம்பி வாழ்ந்தது. 1453-இல் கான்ஸ்டான்டிநோபிள் துருக்கியர் வசமானபின், இஸ்லாமிய அரசுகளைப் பின்புறமிருந்து தாக்கக்கூடிய எந்த முயற்சியும் புனிதமானதாகத் தோன்றிற்று. செய்ய இயலாத பணியைச் செய்ய முன்வந்தவனிடம் பணியை மட்டுமன்றிப் பணிக்குரிய ஆணையையும் கொடுத்துவிட்டார்கள். மத்தேயு இருபத்தெட்டாம் அதிகாரத்தின் கட்டளை சீடரிடமிருந்து அரசரின் கருவூலத்திற்கு மாற்றப்பட்டது.

ஒரு கிறிஸ்தவ அரசரின் முறையீடு

இம்முறையின் உட்பொருளை மற்ற எவரையும்விட நன்கறிந்தவர் ஓர் ஆப்பிரிக்க அரசர். 1480-களில் தியோகோ காவ் என்னும் போர்ச்சுகீசிய மாலுமி காங்கோ ஆற்று முகத்தை அடைந்தார். அந்நாட்டு மன்னர் 1491-இல் திருமுழுக்குப் பெற்று, போர்ச்சுகல் அரசரின் பெயரையே தம் பெயராகக்கொண்டு ஜான் ஆனார். அவருடைய மகன் அல்ஃபோன்சோ 1540-களின் தொடக்கம்வரை ஆண்டார். தாம் ஏற்ற விசுவாசத்தில் ஆழ்ந்த பற்றுடையவர், பள்ளிகளை நிறுவியவர். தம் மகன் ஹென்றிக்கைக் கல்விக்காக லிஸ்பனுக்கு அனுப்பினார். அவ்விளைஞரை 1518-இல் போப்பு பத்தாம் லியோ பேராயராக நியமித்தார். அதே ஆண்டுகளில்தான் விட்டன்பர்க்கில் லூத்தரின் குரல் எழுந்துகொண்டிருந்தது என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ளலாம். காங்கோவின் பேராயரை நமது பாடநூல்கள் அறியா.

1526-இல் அல்ஃபோன்சோ, போர்ச்சுகல் அரசர் மூன்றாம் ஜானுக்கு அடுத்தடுத்துக் கடிதங்கள் எழுதினார். உம்முடைய வணிகர் எம் மக்களை நாள்தோறும் பிடித்துச் செல்கின்றனர், உயர்குடியினரையும் எம் உறவினரையுங்கூட விடுவதில்லை, நாடு ஆளற்றுப்போகிறது, எமக்கு வேண்டியவர்கள் குருக்களும் ஆசிரியர்களுமே, வேண்டிய பொருள் திருவிருந்திற்கான திராட்சரசமும் மாவுமே என்பது அவற்றின் சாரம். அரசனுக்கு அரசன், சகோதரனுக்குச் சகோதரன் என்னும் முறையில் எழுதப்பட்ட கடிதங்கள் அவை. அடிமைகளாக விற்கப்படுவோர் உண்மையில் போர்க்கைதிகள்தாமா என்று ஆராய அவர் மூன்று அதிகாரிகளையும் நியமித்துப் பார்த்தார். வணிகம் நிற்கவில்லை. அவர் கேட்ட குருக்களை அனுப்பும் உரிமை எவரிடம் இருந்ததோ, அவரிடமே அடிமை வணிகத்தின் வரியும் போய்ச் சேர்ந்தது. 1534-இல் மறைமாவட்டம் அமைக்கப்பட்டபோது, பேராயரின் இருக்கை காங்கோவில் அமையாமல், அடிமை வணிகத்தின் நடுவிடமாகிய சாவோ தோமே தீவில் அமைந்தது. காங்கோவிற்குத் தனி மறைமாவட்டம் 1596-இல்தான் கிட்டிற்று. நற்செய்தியை ஏற்ற ஒரு நாடு, அதே நற்செய்தியின் புரவலரிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள வழியின்றித் தவித்தது.

சாந்தா ஃபே உடன்படிக்கை

ஸ்பெயினின் கதையை நாம் ஓரளவு அறிவோம். அறிந்தவற்றுள் சில கட்டுக்கதைகள். அரசி இசபெல்லா தம் நகைகளை அடகுவைத்துக் கொலம்பஸை அனுப்பினார் என்பது அவற்றுள் ஒன்று. பணத்தில் பெரும்பகுதியை ஏற்பாடு செய்தவர் அரகோன் அரசின் நிதி அலுவலர் லூயிஸ் தெ சாந்தாஞ்சல். யூத மரபிலிருந்து கிறிஸ்தவரான குடும்பத்தினர். கப்பல்களுள் இரண்டை, அரசுக்கெதிரான ஒரு குற்றத்திற்குத் தண்டமாக, பாலோஸ் நகரத்தார் கொடுக்க நேர்ந்தது. உலகம் தட்டையென்று நம்பிய அறிஞர்கள் கொலம்பஸை எதிர்த்தனர் என்பது மற்றொரு கட்டுக்கதை. லிஸ்பனிலும் ஸ்பெயினிலும் அவரை மறுத்த அறிஞர்கள் உலகம் உருண்டையென நன்கறிந்தவர்கள். மேற்கே ஆசியாவிற்குள்ள தொலைவை அவர் மிகக் குறைத்துக் கணக்கிட்டுள்ளார் என்பதே அவர்களுடைய வாதம். கணக்கில் அவர்களே சரி. போர்ச்சுகலின் இரண்டாம் ஜான் அவரை அனுப்பிவிட்டதற்கும் காரணம் அதுவே. 1488-இல் பர்த்தலோமேயு தியாஸ் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிவிட்டபின், அவ்வரசருக்கு மேற்குவழி தேவைப்படவுமில்லை.

1492-ஆம் ஆண்டின் நிகழ்ச்சிகளை வரிசையாக வைத்து நோக்கவேண்டும். ஜனவரி 2-இல் கிரானடா வீழ்ந்தது. ஸ்பெயினில் முஸ்லிம் ஆட்சி முடிந்தது. மார்ச் 31-இல், திருமுழுக்குப் பெறாத யூதர் அனைவரும் நாட்டைவிட்டு வெளியேற ஆணை பிறந்தது. ஏப்ரல் 17-இல், கிரானடாவிற்கு எதிரே எழுப்பப்பட்டிருந்த சாந்தா ஃபே என்னும் படைநகரில் கொலம்பஸுடன் உடன்படிக்கை எழுதப்பட்டது. 'பரிசுத்த விசுவாசம்' என்று பொருள்படும் அவ்வூரில் எழுதப்பட்ட அவ்வுடன்படிக்கையின் உட்பொருள் என்ன? கொலம்பஸுக்குக் கடற்படைத் தலைவர் பதவி. கிடைக்கும் நிலங்களுக்கு அரசப்பிரதிநிதி பதவி. பொன், முத்து, வாசனைப்பொருள் ஆகியவற்றில் பத்தில் ஒரு பங்கு. எட்டில் ஒரு பங்கு முதலிடும் உரிமை. வழக்குத் தீர்க்கும் உரிமை. அங்குள்ள மக்களுக்கு நற்செய்தி அறிவிப்பதைப்பற்றி ஒரு விதியும் இல்லை. ஆகஸ்டு 3-இல் புறப்பட்ட மூன்று கப்பல்களில் குரு எவரும் இருந்ததாகவும் தெரியவில்லை.

சமயநோக்கம் ஆவணங்களில் வலுவாக நுழைவது, நிலம் அகப்பட்டபின்னரே. 1493 மார்ச்சில் திரும்பிய கொலம்பஸ், புயலால் முதலில் லிஸ்பனில் ஒதுங்க நேர்ந்தது. அந்நிலங்கள் முந்தைய உடன்படிக்கையின்படி தமக்குரியவை என்று இரண்டாம் ஜான் கூறினார். உடனே ஸ்பெயின் உரோமையை நாடிற்று. அப்பொழுது போப்பாக இருந்த ஆறாம் அலெக்சாந்தர் வலென்சியா நாட்டவர். மே மாதத்தில் வெளியான அவருடைய மடல்கள், அசோர்ஸ், வெர்து முனைத் தீவுகளுக்கு மேற்கே 100 லீக் தொலைவில் ஒரு கோடு கிழித்து, அதற்கப்பாலுள்ள நிலங்களை, கிறிஸ்தவ அரசர் எவரிடமும் இல்லாதவரையில், ஸ்பெயின் அரசர்களுக்கு வழங்கின. விசுவாசத்தைப் பரப்புதலே காரணமாகக் கூறப்பட்டது. 1494 ஜூனில் தொர்தேசில்யாஸ் ஊரில் இரு அரசுகளும் அக்கோட்டை 370 லீக்குக்குத் தள்ளிவைத்தன. இவ்வாறு தள்ளியதால் பிரேசில் பின்னர் போர்ச்சுகலின் பங்கில் விழுந்தது. 1508-இல் போப்பு இரண்டாம் ஜூலியுஸ், அந்நிலங்களின் பேராயர்களை முன்மொழியும் உரிமையை ஸ்பெயின் அரசுக்கு அளித்தார். போர்ச்சுகலில் அரைநூற்றாண்டில் வளர்ந்த முறை ஸ்பெயினில் பதினைந்தே ஆண்டுகளில் முழுமை பெற்றது.

மகெல்லன் இவ்விரு அரசுகளுக்குமிடையே நின்றவர். தம் அரசராகிய மனுவேலால் புறக்கணிக்கப்பட்டு, ஸ்பெயின் அரசர் சார்லஸிடம் 1518-இல் உடன்படிக்கை பெற்றார். 1521 ஏப்ரலில் பிலிப்பைன்ஸ் தீவுகளின் செபுவில் மன்னரையும் மக்களையும் திருமுழுக்குப் பெறச்செய்தார். அம்மாதம் முடியுமுன்னரே, புதிய கிறிஸ்தவ மன்னருக்குப் பணியமறுத்த மக்தான் தீவினரை அடக்கச் சென்று கொல்லப்பட்டார். ஐந்து கப்பல்களில் ஒன்று மட்டும், 18 பேருடன், 1522-இல் உலகைச் சுற்றித் திரும்பியது.

வனாந்தரத்தில் ஒரு குரல்

திருச்சபை முழுவதும் வாய்மூடியிருந்தது என்று கூறுவது அநீதி. 1511 டிசம்பர் 21, திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. எஸ்பஞோலாத் தீவின் சாந்தோ தொமிங்கோ நகரில், தொமினிக்குத் துறவி அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் பிரசங்கபீடம் ஏறினார். யோவான் முதல் அதிகாரத்தில் யோவான்ஸ்நானன் தன்னைப்பற்றிக் கூறும் சொற்களே அவர் எடுத்துக்கொண்ட வசனம். இம்மக்களை எந்த நீதியின்படி அடிமைகொண்டீர்கள், அவர்கள் மனிதரல்லரோ, அவர்களை உங்களைப்போல நேசிக்கக் கடமைப்பட்டவர்கள் அல்லிரோ என்று, முன்வரிசையில் அமர்ந்திருந்த ஆளுநர் தியேகோ கொலம்பஸ் கேட்க அவர் வினவினார். தியேகோ, கொலம்பஸின் மகன்.

பிரசங்கிக்கும் நாம் கவனிக்கவேண்டிய ஒன்று இங்குண்டு. அப்பிரசங்கம் ஒரு தனிமனிதரின் துணிச்சல் அன்று. பேத்ரோ தெ கோர்தோபாவின் தலைமையில் அச்சிறு துறவியர் இல்லம் கூடி ஆராய்ந்து எழுதி, அனைவரும் கையொப்பமிட்ட பிரசங்கம் அது. ஆகவே, மறுவாரம் திரும்பப் பெறவேண்டும் என்று அதிகாரிகள் மிரட்டியபோது, தனித்து வளைக்க ஒருவரும் இல்லை. மறு ஞாயிறும் மொந்தேசினோஸே ஏறினார். யோபு நூலிலிருந்து வசனம் எடுத்து, முன்பு கூறியதையே வலுப்படுத்தினார். நீங்கள் திருந்தும்வரை உங்களுக்குப் பாவமன்னிப்பு வழங்கமாட்டோம் என்றும் அறிவித்தார்.

அரசர் ஃபெர்டினாந்து சினந்தார். பின்னர் இறையியலாரையும் சட்ட அறிஞரையும் கூட்டினார். 1512-இல் பூர்கோஸ் சட்டங்கள் பிறந்தன. அவை கொடுமையை ஓரளவு ஒழுங்குபடுத்தினவேயன்றி நீக்கவில்லை. 1513-இல் பலாசியோஸ் ரூபியோஸ் என்னும் சட்ட அறிஞர் 'அறிவிப்பு ஓலை' ஒன்றை வரைந்தார். இதைச் சற்று விரிவாகக் கூறவேண்டும். கடவுள் உலகைப் படைத்தார். பேதுருவை மாந்தர் அனைவர்க்கும் தலைவராக்கினார். அவருக்குப்பின் வந்த போப்பு இந்நிலங்களை ஸ்பெயின் அரசர்களுக்குக் கொடுத்தார். ஆகவே திருச்சபையையும் அரசரையும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஏற்காவிடில் போர்தொடுத்து உங்களையும் மனைவி மக்களையும் அடிமைகளாக்குவோம். அதனால் வரும் சாவுக்கும் கேட்டிற்கும் நீங்களே பொறுப்பு என்பது அதன் கருத்து. படையெடுப்புக்கு முன் இதைப் படித்து, எழுத்தர் சான்றொப்பமிட வேண்டும். கேட்பவர்க்கு விளங்காத மொழியில் படித்தனர். ஆளற்ற ஊர்களிலும் படித்தனர். இதைக் குறித்துச் சிரிப்பதா அழுவதா என்று தமக்குத் தெரியவில்லை என லாஸ் காசாஸ் எழுதினார். வடிவத்தில் இது ஒரு விசுவாச அறிக்கை. படைப்பில் தொடங்கி, திருச்சபையைக் கடந்து, தண்டனைத் தீர்ப்பில் முடிகிறது. கிறிஸ்துவின் சிலுவைக்கு மட்டும் அதில் இடமில்லை.

லாஸ் காசாஸ் தாமே ஆட்களை வைத்து வேலைவாங்கியவர். 1514-இல் பெந்தெகொஸ்தே நாள் பிரசங்கத்திற்கு ஆயத்தம் செய்கையில், சீராக்கின் ஞானநூலில் ஏழையின் உடைமையைப் பறித்துப் பலியிடுவதைக் கண்டிக்கும் பகுதி அவரைக் குத்திற்று; தம் ஆட்களை விடுவித்தார். நமது திருமறைப் பதிப்புகளில் பொதுவாக இடம்பெறாத நூல் அது என்பதை ஒரு புன்முறுவலுடன் குறிப்பிடலாம். பூர்வகுடிகளுக்குப் பதிலாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று முதலில் யோசனை கூறியவர்களுள் அவரும் ஒருவர். பின்னாளில் அதற்காக மனம் வருந்தி எழுதினார். 1542-இன் புதிய சட்டங்களில் அவருடைய உழைப்பு உண்டு.

சலமான்கா பல்கலைக்கழகத்தில் 1539-இல் பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா நிகழ்த்திய விரிவுரை இன்னும் ஆழமாகச் சென்றது. போப்பு உலகியல் முறையில் உலகின் தலைவர் அல்லர். ஆகவே தமக்கில்லாத நாட்டை அவர் எவருக்கும் கொடுக்க இயலாது. கண்டுபிடித்தல் என்பதும் உரிமையாகாது. அவர்கள் நம்மைக் கண்டுபிடித்திருந்தால் நமது நாடு அவர்களுடையதாகியிருக்குமோ என்று அவர் வாதிட்டார். (ஆனால் வணிகத்தைத் தடுப்பதும் நற்செய்தியைத் தடுப்பதும் போருக்குக் காரணமாகலாம் என்று மற்றொரு கதவை அவரே திறந்துவைத்தார்.) அதே ஆண்டு நவம்பரில் பேரரசர் சார்லஸ், அம்மடத்தின் தலைவருக்குக் கடிதம் எழுதி, இப்பொருள்பற்றி விரிவுரையாற்றுவதையும் அச்சிடுவதையும் நிறுத்துமாறு ஆணையிட்டார். புரவலர் எதற்கு அஞ்சுவார் என்பது இதனால் விளங்கும்.

சீர்திருத்தத் திருச்சபைகளின் பங்கு

இதுவரை கூறியவற்றை உரோமைச் சபையின் கணக்கில் எழுதிவிட்டு நாம் அமைதியாக இருக்க இயலுமா? இயலாது. 1496 மார்ச்சில் இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி, ஜான் கபோட்டுக்கு அளித்த பத்திரம், கிறிஸ்தவர் எவரும் முன்னர் அறிந்திராத புறச்சமயத்தார் நிலங்களைக் கைப்பற்றி அரசர் பெயரால் ஆள உரிமை தந்தது. அப்பொழுது இங்கிலாந்து போப்பை ஏற்றிருந்த நாடு. அதன் பேத்தி முதலாம் எலிசபெத்தோ போப்பின் அதிகாரத்தை முற்றிலும் மறுத்தவர். ஆயினும் 1578-இல் ஹம்ப்ரி கில்பர்ட்டுக்கும் 1584-இல் வால்ட்டர் ராலேவுக்கும் அவர் அளித்த பத்திரங்கள், கிறிஸ்தவ அரசரின் கையில் இல்லாத புறச்சமயத்தார் நாடுகளைக் கொண்டுகொள்ள அதே உரிமையைத் தந்தன. போப்பை நீக்கினார்கள்; போப்பின் வாதத்தை வைத்துக்கொண்டார்கள். கிறிஸ்தவர் ஆளாத நிலம் உடையவரற்ற நிலம் என்னும் கருத்து சீர்திருத்தத்தைக் கடந்து சேதமின்றி வந்து சேர்ந்தது.

இதனினும் கசப்பானது ஒன்று. 1564-இல் ஜான் ஹாக்கின்ஸ் என்பவர் ஆப்பிரிக்கரைப் பிடித்து ஸ்பெயினின் அமெரிக்கக் குடியேற்றங்களில் விற்கச் சென்றபோது, அரசி எலிசபெத் தம் கடற்படைக் கப்பல் ஒன்றை அதற்குக் கொடுத்து உதவினார். அவருடைய தந்தை எட்டாம் ஹென்றி ஜெர்மானிய வணிகரிடம் வாங்கிய கப்பல் அது. அதன் பெயர் 'லூபெக்கின் இயேசு'.

நமது கரை

வாஸ்கோ ட காமா நான்கு கப்பல்களுடன் 1497 ஜூலையில் புறப்பட்டு, 1498 மே 20-இல் கோழிக்கோட்டை அடைந்தார். கிறிஸ்தவர்களையும் வாசனைப்பொருள்களையும் தேடிவந்ததாக அவருடைய ஆட்கள் கூறினர். இந்துக் கோயிலொன்றைக் கிறிஸ்தவ ஆலயமென எண்ணி உள்ளே சென்று வேண்டிக்கொண்டனர் என்பதும் பலர் அறிந்ததே. அவரை அனுப்பிய மனுவேல், அதே 1497-இல் தம் நாட்டு யூதரை வலிந்து திருமுழுக்குக்குள்ளாக்கியவர். மிளகு வணிகத்தில் வந்த வருவாயில் ஒரு பங்கைக்கொண்டு லிஸ்பன் அருகே பெலேமில் ஜெரோனிமுஸ் மடத்தை எழுப்பினார். 1502-இல் இரண்டாம் முறை வந்த காமா, மெக்காவிலிருந்து திரும்பிய பயணிகள் கப்பலைப் பெண்களும் குழந்தைகளும் உள்ளிருக்கத் தீக்கிரையாக்கினார்.

முத்துக்குளித்துறைப் பரதவர் 1535-க்கும் 1537-க்கும் இடையில் திருமுழுக்குப் பெற்றதும், 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் அவர்களிடம் வந்ததும் பதுரவாதோவின் கீழ் நிகழ்ந்தவை. சவேரியாரை அனுப்பியவர், காங்கோ அரசரின் கடிதங்களைப் பெற்ற அதே மூன்றாம் ஜான். முத்துக்குளிப்பு வருவாயில் அரசி கத்தரீனின் காலணிச் செலவிற்கென ஒதுக்கப்பட்டிருந்த தொகையைச் சவேரியார் வேண்டிப்பெற்று, பிள்ளைகளுக்குச் செபம் கற்பித்த உபதேசியார்களுக்குப் படியளந்தார். நமது ஊர் உபதேசியாரின் சம்பள வரலாறு இவ்வாறு தொடங்குகிறது. அவரே அரசருக்கு எழுதிய கடிதங்களில், போர்ச்சுகீசிய அதிகாரிகளின் பறிப்பும் கொடுமையும் தம் பணியைக் கெடுப்பதாகக் கடுமையாகக் குறைகூறினார். புரவலர் இன்றேல் பணியில்லை; புரவலரின் ஆட்களால் பணி கெடுகிறது. இம்முடிச்சை அவிழ்க்க உரோமை 1622-இல் விசுவாசப் பரப்புதலுக்கெனத் தனிப் பேராயம் அமைத்தது. இரு அதிகாரங்களுக்குமிடையே நம் நாட்டில் நிகழ்ந்த நெடும்பூசல், 1950-ஆம் ஆண்டு உடன்படிக்கையால்தான் ஏறத்தாழ முடிவுற்றது.

தரங்கம்பாடியின் கதையும் அரசர் கதையே. டென்மார்க்கின் நான்காம் கிறிஸ்தியான் 1616-இல் ஒரு வணிகக் கம்பெனிக்கு உரிமை வழங்கினார். அவர் அனுப்பிய ஓவ கெட்டெ 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கருடன் உடன்படிக்கை செய்தார். லுத்தரன் கொடி எண்பத்தாறு ஆண்டுகள் பறந்தபின்னரே, நான்காம் பிரெடெரிக் அனுப்பிய சீகன்பால்க்கும் புளுச்சோவும் 1706 ஜூலை 9-இல் தமிழ்மக்களிடம் வந்தனர். அரசர் அனுப்பினார், அரசரின் தளபதி எதிர்த்தார். 1708 முடிவில் சீகன்பால்க் கோட்டையில் அடைக்கப்பட்டு நான்கு மாதம் சிறையிருந்தார். 1718-இல் அபிஷேகம்பண்ணப்பட்ட புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் இன்றும் பிரெடெரிக்கின் முடியும் பெயர்ச்சின்னமும் உள்ளன. நமது திருமறையை மொழிபெயர்த்தவர் அரசரின் பணத்தில் வாழ்ந்தார் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. அரசர் அவருக்குப் படியளித்தும், அவர் கற்றுக்கொண்ட மொழி அரசரின் மொழியன்று. காங்கோவுக்கும் தரங்கம்பாடிக்குமுள்ள வேறுபாட்டை இங்கிருந்துதான் தேடத்தொடங்க வேண்டும் என்பது நமது கருத்து.

பத்திரங்களின் பின்வரலாறு

1823-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் உச்சநீதிமன்றம், பூர்வகுடிகளிடம் நேராக நிலம் வாங்கியவரின் வழக்கொன்றில் தீர்ப்பளித்தது. கண்டுபிடித்த கிறிஸ்தவ அரசுக்கே நிலத்தின் மேலுரிமை உண்டு. பூர்வகுடிகளுக்கு இருப்பது குடியிருக்கும் உரிமை மட்டுமே என்றார் தலைமை நீதிபதி மார்ஷல். அவர் காட்டிய சான்றுகளுள் கபோட்டின் பத்திரமும் ஒன்று. 2005-இல் ஒனெய்டா மக்களின் நிலவழக்கில் அதே நீதிமன்றம் இக்கோட்பாட்டை மீண்டும் குறிப்பிட்டது.

2009-இல் அமெரிக்க எப்பிஸ்கோப்பல் திருச்சபையின் பொதுமாமன்றம் இக்கோட்பாட்டைக் கைவிட்டது. ஏழாம் ஹென்றியின் 1496-ஆம் ஆண்டுச் செயலையே அதன் தொடக்கமாகச் சுட்டியது. காலக்கணக்கில் இது பிழையாயினும், தம் வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்கிய நேர்மை பாராட்டத்தக்கது. 2012 பிப்ரவரியில் உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் செயற்குழு இதைக் கண்டித்தது. 2022 ஜூலையில் போப்பு பிரான்சிஸ் கனடாவில் வழிபாடு நடத்தியபோது, பூர்வகுடிப் பெண்கள் இக்கோட்பாட்டை நீக்கக் கோரும் பதாகையை அவர்முன் விரித்தனர். 2023 மார்ச் 30-இல் வத்திக்கான் அறிக்கை வெளிவந்தது. இக்கோட்பாடு திருச்சபையின் போதனை அன்று எனவும், அம்மடல்களை அரசுகள் தம் நலனுக்காகத் திரித்துக்கொண்டன எனவும் அது கூறியது. அறிக்கையை வரவேற்கிறோம், ஆயினும் இரண்டாவது கூற்றை நாம் எளிதில் ஏற்க இயலவில்லை. நிரந்தர அடிமைத்தனம் என்னும் சொற்கள் 1452-ஆம் ஆண்டு மடலிலேயே உள்ளன; அவற்றை எவரும் திரிக்க வேண்டியிருக்கவில்லை.

உலகத் திருச்சபைகள் மாமன்றத்தின் அறிக்கை உறுப்புத் திருச்சபைகள் ஒவ்வொன்றும் தன் நாட்டின் வரலாற்றையும் தன் சபையின் வரலாற்றையும் ஆராயும்படி கேட்டுக்கொண்டது. தென்னிந்தியத் திருச்சபையும் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் அம்மாமன்றத்தின் உறுப்புகள். அவ்வாராய்ச்சிக்குரிய பழைய ஏடுகளில் பல கோப்பன்ஹேகனிலும் ஹாலேயிலும் இலண்டனிலும் உள்ளன. நமது குருமனைகளின் மர அலமாரிகளிலும் சபைப் பதிவேடுகளிலும் உள்ளவை இன்னும் படிக்கப்படவில்லை.